பாட்டின் கடைசித் துண்டு

ஒரு மலையடிவாரக் காட்டில் குட்டை ஒன்று இருந்தது. கோடை வந்தால் அது வற்றிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத சுனை இருப்பது எல்லா விலங்குகளுக்கும் தெரியும். போகிற வழிதான் தெரியாது.

அந்த ஆண்டு சுனைப் பக்கமிருந்து மிளா என்ற பெரிய காட்டுமான் ஒன்று வந்தது. வழி முழுவதையும் அது பாட்டாக வைத்திருந்தது. எந்தப் பாறையில் திரும்புவது, எந்த ஓடையை எங்கே தாண்டுவது, எங்கே சத்தமில்லாமல் நடப்பது என்று நீளமான பாட்டு. கூட்டமாகப் போனால் சிறுத்தை மோப்பம் பிடித்துவிடும். குடும்பம் குடும்பமாகத்தான் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவருக்காவது பாட்டு முழுவதும் மனப்பாடமாக வேண்டும்.

காடே மிளாவின் முன்னால் வரிசை கட்டி நின்றது. முதலில் நின்ற முயலுக்குக் கால்வாசி பாடுவதற்குள் மிளாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

காய்ந்த இலுப்பை மரத்திலிருந்து மரங்கொத்தி எட்டிப் பார்த்தது.

"இப்படிப் பண்ணினா அடுத்த கோடைக்குத்தான் முடியும். பாட்டைத் துண்டு துண்டா பிரிச்சுக்குங்க. ஆளுக்கு ஒரு துண்டு மிளாகிட்ட கத்துக்கிட்டு, அப்புறம் உங்களுக்குள்ள மாத்திக்குங்க. யார்கிட்ட எந்தத் துண்டு இருக்குன்னு நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

"அப்ப உனக்குப் பாட்டு பூரா தெரியணுமே?" என்றது காட்டுப்பன்றி.

"ஒரு வரிகூட வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் தாளம் மட்டும் தெரிஞ்சா போதும். யாராவது தப்பா சொல்லிக்கொடுத்தா, மரத்துல தட்டிப் பார்த்தே கண்டுபிடிச்சிருவேன்."

யோசனை நன்றாகவே வேலை செய்தது. சாப்பாட்டுப் பந்தியில் ஆள் கூடினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். இங்கே தலைகீழ். ஆள் கூடக் கூட, கற்றுக்கொடுக்கிற வாயும் கூடியது. ஒரே ஒரு துண்டு தெரிந்தவரும் அந்தத் துண்டுக்கு வாத்தியார்.

ஆனால் எங்கெங்கிருந்தோ சிலர் வந்தார்கள். உட்கார்ந்து கேட்டார்கள். யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள். மரங்கொத்திக்கு எரிச்சல் வந்து, இரண்டு விதிகள் போட்டது. கற்றுக்கொண்ட அளவுக்குக் கற்றுக்கொடுக்காமல் யாரும் கிளம்பக் கூடாது. புதிதாக வருகிறவருக்கு உள்ளே இருக்கிற ஒருவர் வாக்குக் கொடுக்க வேண்டும். வந்தவர் ஏமாற்றினால் வாக்குக் கொடுத்தவரும் வெளியே.

உள்ளே இருந்தவர்களில் ஒன்று முள்ளம்பன்றி. அதற்கு இரண்டு குட்டிகள். பக்கத்து வளையில் இருந்த கீரி அதனிடம் வந்தது.

"அக்கா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லு. உன் பேரைக் கெடுக்க மாட்டேன்."

முள்ளம்பன்றி வாக்குக் கொடுத்தது. அக்கம்பக்கத்தில் இருந்துகொண்டு முடியாது என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

கீரி படு சூட்டிகை. காதில் விழுந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆனால் யாராவது வந்து கேட்டால் தொண்டை வலிக்கிறது என்றது. கடைசியில் ஒரே ஒரு துண்டுதான் மிளாவிடம் மட்டும் இருந்தது. எல்லோருக்கும் சொல்லித்தருகிறேன் என்று சொல்லி, அதையும் கீரி கற்றுக்கொண்டது.

"இப்ப பாட்டு பூரா உங்ககிட்ட இருக்கு. நான் கிளம்பறேன்" என்று மிளா மலையேறிவிட்டது.

மறுநாள் பார்த்தால் கீரியின் வளை காலி!

எல்லோருக்கும் எல்லாத் துண்டும் தெரியும், அந்தக் கடைசித் துண்டு தவிர. சுனைக்குப் பக்கத்தில் வழி பல கிளையாகப் பிரிகிறதாம். எந்தக் கிளை என்பது அந்தத் துண்டில்தான் இருக்கிறது. தப்பான கிளையில் போனால் சிறுத்தையின் குகை.

மரங்கொத்தி முள்ளம்பன்றியைப் பார்த்தது. "விதி உனக்கும்தான்."

முள்ளம்பன்றி குட்டிகளோடு வெளியே போனது. குட்டையில் சேறு மட்டும் மிச்சம். குட்டிகள் அதை நக்கின. வாக்குக் கொடுத்து வம்பை வாங்கிக்கொண்டோமே என்று அது மனம் நொந்து அழுதது.

சில நாள் கழித்து, கீரி நொண்டிக்கொண்டே திரும்பி வந்தது. நாக்கு தொங்கியது. பாதி வழியில் ஓடையைத் தாண்டும் துண்டு அதற்கு மறந்துபோய்விட்டது. மற்றவர்கள் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இதுவோ ஒரு துண்டைக்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

நேராக மரங்கொத்தியிடம் போனது. "ஓடைத் துண்டை மட்டும் சொல்லு, போயிடறேன்."

"எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாதே. இத்தனை பேருக்கும் நீதானே கொடுத்தே?"

"நான் யாருக்கும் ஒண்ணும் கொடுக்கலை. யார்கிட்ட இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

விலங்குகள் சூழ்ந்துகொண்டன. "கடைசித் துண்டைச் சொல்லு, அப்புறம் ஓடைத் துண்டு" என்றது முயல்.

"முதல்ல எனக்கு. சொல்லிட்டா நீங்க என்னைத் துரத்திடுவீங்க" என்றது கீரி.

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே நின்ற முள்ளம்பன்றியின் சின்னக் குட்டி கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தது.

முள்ளம்பன்றி முன்னால் வந்து ஓடைத் துண்டை முழுதாகச் சொன்னது.

"உனக்குப் பைத்தியமா?" என்று காட்டுப்பன்றி கத்தியது.

"எவனாவது ஒருத்தன் முதல்ல கொடுத்துத்தான் ஆகணும். என் குட்டிக்கு நேரமில்லை."

கீரி கேட்டுக்கொண்டது. திரும்பி மலைப் பக்கம் நடந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. திருந்திவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஓடைத் துண்டு மறந்த மாதிரி கடைசித் துண்டும் மறந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும், கேட்டுத் தட்டிப் பார்க்க மரங்கொத்தி வேண்டும்.

திரும்பி வந்து, முள்ளம்பன்றியின் முன்னால் உட்கார்ந்து, கடைசித் துண்டைச் சொன்னது. மரங்கொத்தி தட்டிப் பார்த்தது.

"தாளம் இடிக்குது. மறுபடி சொல்லு."

கீரி யோசித்துப் பார்த்தது. நடுவில் ஒரு வரியை விட்டிருந்தது. அப்படியே போயிருந்தால் சிறுத்தைக்கு அன்றைக்கு விருந்து. தட்டுத் தடுமாறி மறுபடி சொன்னபோது தாளம் சரியாக விழுந்தது.

முள்ளம்பன்றி அதை முயலுக்குச் சொன்னது. இருவரும் ஆளுக்கு ஒருவருக்குச் சொன்னார்கள். இருட்டுவதற்குள் காடு முழுவதும் பாட்டு முழுமையானது. எல்லாக் குடும்பங்களும் சுனைக்குப் போய்ச் சேர்ந்தன, கீரியும்தான். முள்ளம்பன்றியின் சின்னக் குட்டி தண்ணீரில் முகத்தை வைத்து வெகுநேரம் எடுக்கவேயில்லை.

மழைக்காலம் வந்தது. வெள்ளத்துக்குத் தப்பி மேட்டுக்கு ஏறும் வழியை ஒரு புதிய பாட்டாக, துண்டு துண்டாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். முள்ளம்பன்றியை மரங்கொத்தி தானே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தது. கீரி நனைந்துகொண்டே வெளியே நின்றது.

"அக்கா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லு."

முள்ளம்பன்றி அதைப் பார்த்தது. கோபமாகக்கூட இல்லை. பிறகு பக்கத்திலிருந்த மானிடம் திரும்பி, தன் துண்டைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது.

பலர் சேர்ந்து பகிர்வதில் வாங்கிக்கொண்டு மட்டும் ஓடுகிறவர், வாங்கியதையும் தொலைப்பார், மறுமுறை தமக்காக வாக்குக் கொடுக்கிறவரையும் தொலைப்பார்.