குதிரை கொடுத்த காது

மனிதரும் விலங்கும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், குதிரையின் இரண்டு காதுகளும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள்போல ஒரே பக்கம்தான் திரும்பும்.

அப்போது மலையடிவாரக் கோட்டை ஒன்றில் சுழியன் என்ற குதிரை இருந்தது. கடல் தாண்டி மரக்கலத்தில் வந்தது. வெட்டவெளியில் காற்றோடு போட்டியிட்டு ஓடும். ஐப்பசி அடைமழையில் திடல் சேறாகிவிட்டால், குதிரைகளை ஓடு வேய்ந்த பெரிய கூடத்துக்குள் பழக்குவார்கள். அங்கேதான் வினை. ஓட்டில் மழை அறைந்தால் சுழியன் துள்ளும். தூணின் நிழல் அசைந்தால் ஒதுங்கும். ஊதல் காற்று ஊளையிட்டால், ஏறியவர் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

இலாயத் தலைவன் மாசாத்தன் முடிவாகச் சொன்னான்: "மிரளும் குதிரைக்குப் படையில் இடமில்லை. நாளை என் கண்முன் இந்தக் கூடத்தை ஒழுங்காகச் சுற்றி வரட்டும். இல்லையென்றால் உப்புப் பொதி சுமக்கட்டும்."

வாசலில் நின்ற கழுதை பல்லைக் காட்டியது. "வாங்க மாப்பிள்ளை! நல்ல கனமான மூட்டையாகப் பார்த்து உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்."

மறுநாள் மழை கொட்டியது. குதிரை பழக்கும் நல்லினி சுழியன்மேல் ஏறினாள். வடக்கு மூலையில் கூரை முனகியது. சுழியன் அப்படியே நின்றுவிட்டது. இரு காதுகளும் அந்த மூலையையே பார்த்தன.

"நான் சொல்வது கேட்கிறதா?"

"உன் பேச்சைக் கேட்டால் அந்த மூலையின் சத்தத்தை யார் கேட்பது? வெளியில் என்றால் ஓடித் தப்புவேன். இங்கே நாலு பக்கமும் சுவர்."

"சாட்டையை எடு, நல்லினி!" என்று கத்தினான் மாசாத்தன். அவன் நின்றதும் அதே மூலையில்தான்.

நல்லினி கையிலிருந்த சாட்டையைப் பார்த்தாள். அடித்தால் பயம் போய்விடுமா, உள்ளே போய் ஒளிந்துகொள்ளுமா? அவளுக்குத் தெரியவில்லை. சாட்டையைக் கீழே போட்டாள்.

"பயப்படாதே என்று சொல்லமாட்டேன். எனக்கு ஒரு காது கொடு. மற்றதை நீயே வைத்துக்கொள். அது சொல்வதை நான் நம்புகிறேன்."

சுழியன் பெருமூச்சு விட்டது. கழுத்து நரம்பு புடைக்க, இடக்காதை மட்டும் பிரித்து அவள் பக்கம் திருப்பியது. அதுவரை எந்தக் குதிரையும் செய்யாத காரியம் அது. பிறகு நடந்தது. தலை நிமிர்ந்து, ஒரு சுற்று முழுக்க நடந்தது.

இரண்டாம் சுற்றில் வலக்காது விறைத்தது. "கூரை உத்தரம் முறிகிறது!"

நல்லினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாசாத்தன் அங்கே நிற்கிறார். போ!"

எந்த மூலைக்குச் சற்றுமுன் நடுங்கியதோ, அந்த மூலைக்கே சுழியன் பாய்ந்தது. மாசாத்தனை நெஞ்சால் முட்டிக் கூடத்தின் நடுவே தள்ளியது. அவன் நின்றிருந்த இடத்தில் உத்தரமும் ஓடுகளும் சரிந்து விழுந்தன.

மாசாத்தன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இடிபாட்டைப் பார்த்தான். கீழே கிடந்த சாட்டையைப் பார்த்தான். பிறகு, "இவனைப் படைக்கு முன்னால் நிறுத்துங்கள்" என்றான்.

"அப்படியென்றால் மூட்டை எனக்கேவா?" என்றது கழுதை.

இன்றைக்கும் மழைநாளில் கூரைக்கடியில் குதிரை ஏறிப் பாருங்கள். ஒரு காது முன்னே காவல் நிற்கும். மற்றது பின்னால் திரும்பி உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும். அன்றைக்குக் கொடுத்த காதைக் குதிரை இன்றுவரை திரும்பக் கேட்கவில்லை.