தார்ப்பாய்க்குள் நின்ற மஸ்டாங்

இதை என்னிடம் முதலில் சொன்னது ஜெசிந்தா அக்கா, போன குருத்தோலை ஞாயிறன்று.

அக்காவின் இறந்துபோன புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து, தார்ப்பாய் போட்டு மூடி நின்ற பழைய அமெரிக்க மஸ்டாங் கார். மகளின் நர்சிங் படிப்புக்காக அதை விற்கும் நாளில், வீட்டுப்பக்கமே வராத கொழுந்தன் மரியதாஸ் வந்து நின்றார்.

"அண்ணன் எனக்குத் தந்த வண்டி இது. பத்து வருஷம் நான்தான் ஓட்டினேன். இல்லையென்று நிரூபிங்க மதினி."

வாங்க வந்தவர் தயங்கினார். அக்கா வீட்டில் கார் துடைக்கும் இசக்கி, மரியதாஸிடம் சாவியை நீட்டினார்.

"நீங்களே ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க முதலாளி. அது போதும்."

மரியதாஸ் விறுவிறுவென்று வலப்பக்கம் போய், தார்ப்பாயைத் தூக்கி, கதவைத் திறந்து உட்கார்ந்தார். முன்னால் ஸ்டியரிங்கே இல்லை.

"இந்தக் காருக்கு அது இடப்பக்கம் இருக்கும் முதலாளி," என்றார் இசக்கி பணிவாக. "பத்து வருஷம் ஓட்டினதில் மறந்திருக்கும்."

வண்டி அன்றே விலைபோனது. மகளும் படிப்பில் சேர்ந்துவிட்டாள். அக்கா இன்றும் கர்த்தருக்கு நன்றி சொல்லும்போது இசக்கியின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை இசக்கிக்குக் கண் ஆபரேஷன். அவருக்காக நீங்களும் ஒரு ஜெபம் சொல்லுங்கள்.