விளிம்பில் ஒரு மேடு

"கம்பம் ஊர்க் கண்ணாடி தேறாது டீச்சர்" என்றார் கோதண்டராமன்.

ஆக்னஸ் டீச்சர் தலை நிமிரவில்லை. தொலைநோக்கிக் கண்ணாடி தேய்ப்பதில் அந்த மலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. வயதில் கோதண்டராமனுக்கு மகளாக இருக்கலாம். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான அவர் அதற்கெல்லாம் கூச்சப்படுகிற ஆளில்லை; நாலு வருடமாக டீச்சரின் சீடர்.

கோதண்டராமன் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்த கண்ணாடிகள் மூன்று. ஒன்று ஜப்பான் கம்பெனி, ஒன்று ஜெர்மன் கம்பெனி. இரண்டும் இரும்புத் தாங்கியில் பொருத்தி வந்தவை; தூக்க, தாங்கியைப் பிடித்தால் போதும். மூன்றாவது, கம்பம் ஊரில் ராவுத்தர் ஒருவர் தனியாளாகத் தேய்த்தது. வெறும் பருத்தித் துணியில் சுற்றி வந்திருந்தது.

"என்ன குறை?"

"அது ரெண்டும் ஒரே சீரா இருக்கு. இதுல ஓரத்துல மேடு. அப்பட்டமாத் தெரியுது."

வானியல் மன்றங்களுக்குக் கண்ணாடி சோதித்துச் சொல்பவர் அவர்; 'வேண்டாம்' என்ற கடிதம் சட்டைப் பையில் தயாராக இருந்தது. அது போய்ச் சேர்ந்தால் முப்பது மன்றங்களில் ஒன்றுகூட ராவுத்தரிடம் வாங்காது. பட்டறையை மூட வேண்டியதுதான்.

"எனக்கும் காட்டுங்க" என்றார் டீச்சர்.

கீழே விழுந்துவிடக் கூடாதே என்று கோதண்டராமன் கண்ணாடியை இறுகப் பிடித்துத் தூக்கி வந்து இருட்டறை மேடையில் நிறுத்தினார். தள்ளி வந்து ஊசித்துளை விளக்கைப் போட்டார். திரும்பி வந்த ஒளியைப் பிளேடு விளிம்பால் பாதி மறைத்துப் பார்த்தார். மேடு பள்ளம் இருந்தால் நிழலாகத் தெரியும். மேடு அங்கேயே இருந்தது.

டீச்சரும் பார்த்தார். "ஆமா, மேடுதான். வாங்க, டீ குடிக்கலாம்."

டீ குடித்து முடிக்க அரைமணி நேரம் ஆக்கினார். கோதண்டராமனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால் போய்விடுமே!

"இப்பப் பாருங்க."

பார்த்தார். மேட்டைக் காணோம். ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சாம்பல் நிற அமைதி. மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

"கண்ணாடிய மாத்திட்டீங்களா?"

"நீங்கதான வாசல்லயே காவல் இருந்தீங்க? போய் அதோட ஓரத்துல பெருவிரல வைங்க. அறுபது எண்ணிட்டு வந்து பாருங்க."

எண்ணிவிட்டு வந்தார். குனிந்தார்.

விரல் வைத்த அதே இடத்தில் மேடு எழுந்திருந்தது.

"என் கைச் சூடா இது?"

"ஆமா. தலைமுடிப் பருமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு மேடு இருக்கும்."

கோதண்டராமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை கனமான கண்ணாடி, அவர் விரலுக்கு எழுந்து நிற்கிறது. அதை இங்கிருந்து கண்ணால் பார்க்க முடிகிறது!

மேடு மெல்ல ஆறி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெல்லக் கேட்டார். "போன வருஷம் போடிப் பட்டறைக் கண்ணாடியும் தாங்கி இல்லாமத்தான வந்துச்சு?"

அதற்கும் கோதண்டராமன் இப்படி ஒரு கடிதம் போட்டிருந்தார். போடிப் பட்டறை இப்போது இல்லை.

சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். கண் நிறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கண்ணாடியை நோக்கி நடந்தார்.

"சார்" என்றார் டீச்சர். "தொடாதீங்க."