சேணத்தின் மேல் விழுந்த பழி

முன்னொரு காலத்தில், குதிரை மேல் ஏறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ளும் ராஜா ஒருவர் இருந்தார். அவர் பெயர் மாறவேள். அவருக்கு இடுப்பு வலி. ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தச் செய்தியை அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. குதிரையில் ஒரு சுற்று வருவார், முகம் கோணும், இறங்குவார். "சேணம் சரியில்லை" என்பார். அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று தைக்கச் சொல்வார்.

அரண்மனை வைத்தியர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "பிரபு, தங்களுக்கும் வயதாகிறது, இடுப்பு எலும்பு..." என்று ஆரம்பித்தார். மறுநாளிலிருந்து அவர் யானைகளுக்கு மருந்து உருட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு சபையில் இடுப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

விஜயதசமி நெருங்கியது. அந்த வருஷம் ஊர்வலத்தைப் பார்க்கப் பக்கத்து நாட்டு ராஜா வருவதாக இருந்தது. அவர் இளவயதுக்காரர், எல்லைக் கிராமங்கள் மேல் ஒரு கண் உள்ளவர். அவர் பார்க்க மாறவேள் பல்லக்கில் போனால் கிழவன் என்று முடிவுகட்டிவிடுவார். குதிரையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனால் நோயாளி என்று முடிவுகட்டிவிடுவார். இதை நினைத்து நினைத்தே ராஜாவுக்கு எரிச்சல். அந்த எரிச்சல் சேணம் தைக்கும் முத்தாண்டி தலையில் வந்து விடிந்தது.

"இதையும் கெடுத்துவிட்டாய்!" என்று புதுச் சேணத்தைச் சபை நடுவே வீசினார் ராஜா. "ஊர்வலத்துக்குள் ஒரு நல்ல சேணம் வராவிட்டால் நீ குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டியதுதான்."

முத்தாண்டி கைகூப்பியபடி அழுதான். அவன் தைத்ததில் ஒரு தையல் பிசகியதில்லை.

தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார் விகடகவி திருமேனி. சாய்ந்து நின்றதற்குக் காரணம் இருந்தது. கோயில் குளத்துப் பாசியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கும் இடுப்பு வலி. நின்றால் வலி, உட்கார்ந்தால் அதைவிட வலி. அந்தக் கடுப்பில் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தச் சேணமும் துரோகம் செய்துவிட்டதா? அப்படியானால் நம் நாட்டு மாடுகளெல்லாம் செத்த பிறகும் தோலோடு தோலாகச் சேர்ந்து சதி செய்கின்றன, மகாராஜா."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜாவும் சிரிக்கவில்லை.

குதிரைப்படைத் தலைவர் இரணசிங்கர் இப்படியொரு தருணத்துக்காகத்தான் காத்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற மீசை. இருந்தும் ராஜா சாப்பிடும்போது பேச்சுத் துணைக்குத் திருமேனியைத்தான் கூப்பிடுவார். அது இரணசிங்கருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

"பிரபு," என்றார் மிகப் பணிவாக. "விகடகவிக்கு இடுப்பு நொந்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். நல்ல இடுப்பு உள்ளவனுக்கு எல்லாச் சேணமும் ஒன்றுதான். நொந்த இடுப்புக்கே சுகமாக இருக்கும் சேணம் தங்களைப் போன்ற திடகாத்திரருக்கு மலர்ப்படுக்கையாக இருக்கும். அவரையே சோதித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமே?"

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. தன் இடுப்பைப் பற்றிப் பேசாமலேயே இடுப்புக்கேற்ற சேணம் கிடைக்கும் வழி அல்லவா!

"கேள் திருமேனி! எந்தச் சேணத்தில் ஏறி ஊரைச் சுற்றிவந்தும் உன் இடுப்பு வலிக்கவில்லையோ, அந்தச் சேணத்தோடு என் முன்னால் வந்து நில். ஊர்வலத்துக்குள் வராவிட்டால் முத்தாண்டியோடு நீயும் மூட்டை கட்டிக்கொள்."

மறுநாள் காலையில் இரணசிங்கரே முன்நின்று ராஜாவின் பட்டத்துக் குதிரையை வரவழைத்தார். நெல் குதிருக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது அது. திருமேனியை இரண்டு பேர் தூக்கி மேலே வைத்தார்கள். அதன் அகன்ற முதுகின் இருபுறமும் அவர் கால்கள் விரிந்த விரிப்பில், யாரோ தன்னை நடுவே பிடித்துக் கிழிப்பதுபோல் இருந்தது. சந்தைத் தெரு தாண்டுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இலவம்பஞ்சு வைத்த சேணம், ஆட்டுரோமம் வைத்த சேணம், மான்தோல் போர்த்திய சேணம் என்று முத்தாண்டி மாற்றி மாற்றித் தைத்துக் கொடுத்தான். திருமேனி மாற்றி மாற்றி ஏறினார். வலி மட்டும் மாறவில்லை. தினமும் இரணசிங்கர் லாயத்து வாசலில் நின்று, "இன்று எப்படி, கவிராயரே? சுகமா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

வீட்டில் நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மனைவி வடிவம்மை கேட்டாள். "ராஜாவுக்கு இடுப்பு வலின்னா ராஜாகிட்ட சொல்ல வேண்டியதுதானே? நீங்க எதுக்குக் குதிரை ஏறணும்?"

"சொன்ன வைத்தியர் யானைக் கொட்டாரத்தில் இருக்கிறார்."

"ஆனைக்குப் பக்கத்துலயாவது நிம்மதியா இருக்காரு. உங்களை யாரு அந்தச் சபையில வாயைத் திறக்கச் சொன்னது?"

"அதுதானடி என் உத்தியோகம்!" என்று கத்தினார் திருமேனி. கத்தியதில் இடுப்பு வெட்டி இழுத்தது. ஒத்தட மூட்டையைத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊர்வலத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. அன்று ஊருக்கு வெளியே குதிரை ஓரிடத்தில் நின்று புல் மேய, திருமேனிக்குப் பொறுமை அடியோடு போய்விட்டது. சறுக்கி இறங்கினார். சேணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். குதிரையைக் கூடவந்த சேவகனிடம் விட்டுவிட்டு, நாடு கடத்தினால் கடத்தட்டும் என்று நொண்டிக்கொண்டே நடந்தார்.

பின்னால் ஊருக்குத் திரும்பும் ஓர் உப்பு வியாபாரி, சுமை இறக்கிய கழுதைகளோடு வந்தான். அவர் நடக்கிற நடையைப் பார்த்து மனம் கேட்கவில்லை. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஊர் வாசல் வரைக்கும் இதுமேல ஏறிக்கிட்டா என்ன?" என்றான்.

மானம் பார்க்கும் நிலையில் திருமேனி இல்லை. சேணத்தைக் கழுதை மேல் போட்டு ஏறிக்கொண்டார். பல்லைக் கடித்தபடி வலிக்காகக் காத்திருந்தார். தோப்பு தாண்டியது, வாய்க்கால் தாண்டியது. வலி வரவில்லை. கால்கள் இரண்டும் விரியாமல் நேராகத் தொங்கின.

கழுதையின் ஒடுங்கிய முதுகைக் குனிந்து பார்த்தார். சேணத்தைப் பார்த்தார். "அட பாவி முதுகே!" என்று நடுவழியில் வாய்விட்டுச் சொன்னார்.

"ஊர் வாசலில் நிற்காதே அப்பா," என்றார் வியாபாரியிடம். "ஊரை ஒரு சுற்றுச் சுற்றி நேரே அரண்மனைக்கு விடு."

கழுதை சபைக்குள் நுழைந்தபோது மந்திரி ஒருவர் தாம்பூலத்தை விழுங்கிவிட்டார். திருமேனி அதன் மேலிருந்தபடியே கும்பிட்டார்.

"மகாராஜா, தங்கள் கட்டளை நிறைவேறியது. இந்தச் சேணத்தில் ஊரைச் சுற்றிவந்தேன். இடுப்பு வலிக்கவில்லை. சேணத்தோடு முன்னால் வந்து நிற்கிறேன்."

"கழுதை மேலா?" என்று சீறினார் இரணசிங்கர். "பிரபு, இது ராஜநிந்தை! குதிரை மேல் அல்லவா ஏறச் சொன்னீர்கள்!"

"மகாராஜா சேணம் என்றுதான் சொன்னார். குதிரை என்ற சொல் அவர் திருவாயில் வரவேயில்லை. கட்டளையில் இல்லாத சொல்லைச் சேர்க்க எனக்கு ஏது அதிகாரம்? தளபதிக்கு இருக்கிறது போலிருக்கிறது."

ராஜா எழுந்துவிட்டார். "விளையாடாதே திருமேனி! கழுதைச் சேணத்தை நான் என்ன செய்வேன்?"

"இது கழுதைச் சேணம் இல்லை, பிரபு. காலையில் தங்கள் பட்டத்துக் குதிரை மேல் என் உயிரை வாங்கிய அதே சேணம். அங்கே வலித்தது, இங்கே வலிக்கவில்லை. அப்படியானால் குற்றம் சேணத்தின் மேல் இல்லை. முத்தாண்டி மேலும் இல்லை. இந்த அடியவன் இடுப்பு மேலும் இல்லை." கடைசிச் சொல்லை ராஜாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "முதுகு அகலமான குதிரை. அதன் மேல் யார் உட்கார்ந்தாலும் வலிக்கும். இளைஞனுக்கும் வலிக்கும்."

ராஜா இறங்கி வந்து சேணத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, எல்லோரையும் சபையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, திருமேனியை மட்டும் அழைத்துக்கொண்டு லாயத்துக்குப் போனார். ஒல்லியான பெட்டைக்குதிரை ஒன்றின் மேல் அந்தச் சேணத்தைப் போட்டார்கள். ராஜா ஏறினார். ஒரு சுற்று வந்தார். மறுபடி ஒரு சுற்று. அவர் முகத்தில் கோணல் இல்லாமல் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"வலிக்கவில்லையடா," என்றார் மெல்ல. உடனே முகம் வாடிற்று. "ஆனால் இது சின்னக் குதிரை. பக்கத்து நாட்டான் சிரிப்பானே."

திருமேனிக்கு ஒருகணம் அந்த லாயத்துச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டார்.

"பிரபு, பக்கத்தில் பெரிது வந்தால்தானே இது சின்னது? தங்கள் குதிரையை விட உயரமான குதிரை எதுவும் ஊர்வலத்தில் வரக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது ராஜ மரியாதை. யார் மறுக்க முடியும்?"

விஜயதசமியன்று மாறவேள் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்து, இருபுறமும் கைகாட்டிக்கொண்டு, சிரித்த முகமாக வந்தார். விருந்தாளி ராஜா பந்தலிலிருந்து எழுந்து நின்று வணங்கினார். எல்லைக் கிராமங்களின் பேச்சே எடுக்காமல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

ராஜாவுக்குப் பின்னால் குதிரைப்படைத் தலைவர் வந்தார். கட்டளைப்படி அவருக்குக் கிடைத்தது ஒரு மட்டக்குதிரை. அத்தனை உயரமான மனிதர் அதன் மேல் உட்கார, இரண்டு காலும் தரையைத் தொட்டன. முழங்காலை மடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் குதிரையோடு சேர்ந்து அவரும் நடந்தார். திரும்பிப் பார்த்த ராஜா சேணத்தின் முன்பிடியைப் பற்றிக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்ததில்கூட வலிக்கவில்லை.

முத்தாண்டிக்குப் பட்டு வேட்டியும், அரண்மனைச் சேணக்காரன் என்ற பதவியும் கிடைத்தன. வைத்தியர் யானைகளிடம் விடைபெற்றுக்கொண்டு வந்தார்.

"உனக்கு என்ன வேண்டும், திருமேனி? கேள். நல்ல குதிரை ஒன்று தரட்டுமா?" என்றார் ராஜா.

"ஐயோ பிரபு!" என்று அலறினார் விகடகவி. "இனி என்னை எதன் மேலும் உட்காரச் சொல்லாதீர்கள். இடுப்பு ஆறும் வரை சபையில் படுத்துக்கொள்ள உத்தரவு கொடுங்கள். அது போதும்."

ராஜா மறுபடியும் சிரித்தார். சிம்மாசனத்துக்கு அருகிலேயே மெத்தை போடச் சொன்னார். திருமேனி அதில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தபடியே சபைக்கு யோசனை சொன்னார், அதுவும் தாழ்ந்த குரலில். காதில் விழவேண்டுமென்றால் மந்திரிகள் ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் குனியவேண்டும். எல்லோரிலும் உயரமான இரணசிங்கர்தான் எல்லோரையும் விட அதிகமாகக் குனிந்தார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.