பத்தாவது ஆள்

தெய்வானைக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் அளந்து ஊற்றிவிட்டுப் போன பிறகு, தன் படியில் ஒரு முறை அளப்பாள். கோயிலில் விபூதி கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள். அப்படிப்பட்டவள் பிள்ளைகளை வளர்த்து முடித்த வயதில் கணக்காளர் ஆகிறேன் என்று கல்லூரியில் சேர்ந்ததில் கரூரில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பொருத்தமான வேலைதான் என்றார்கள்.

அவள் சேர்ந்தது ஐந்து வருடப் படிப்பு. பி.காமும் எம்.காமும் ஒரே தொடராக வரும். மூன்றாம் வருடம் முடிந்ததும், போதும் என்பவர்கள் பி.காம் பட்டத்தோடு இறங்கிக்கொள்ளலாம். இறங்கியவர் மறுபடி ஏற முடியாது.

தணிக்கைப் பாடம் எடுத்தவர் ஜெயசீலன். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர். அவள் அவரை ‘சார்’ என்பாள், அவர் அவளை ‘அக்கா’ என்பார். தணிக்கை நடக்கும் இடங்களுக்கு மாணவர்களை அழைத்துப்போவார். ஒரு முறை பஸ் கூண்டு கட்டும் பட்டறைக்குப் போனார்கள். தகரம் கொதிக்கிற வெயில். முதலாளி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். ஜெயசீலன் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடித்தார்.

"ஒரு டீயில என்னங்க சார் இருக்குது?" என்று தெய்வானை கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஆனா டீ குடிச்ச எடத்தப் பத்தி நான் அபிப்பிராயம் சொல்லக் கூடாது."

அவள் அதை நம்பவில்லை. வயிற்றுப்புண்ணாக இருக்கும், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

மூன்றாம் வருடம் முடிகிற நேரம். திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டு, கணக்குப் பிரிவில் உடனே வந்து சேரச் சொன்னது. என்ன செய்யலாம் என்று ஜெயசீலனைக் கேட்டாள்.

"மேல படிங்கக்கா. உங்களுக்கு நல்லா வரும்."

அன்று ராத்திரி அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அந்தச் சந்தோஷத்தின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. இவர் ஏன் இவ்வளவு சட்டென்று சொன்னார்?

காரணம் முதல்வர் அறை வாசலில் காதில் விழுந்தது. "பத்துப் பேராவது இல்லைன்னா நாலாம் வருஷ வகுப்பே கிடையாது, ஜெயசீலன். அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அதானே பார்த்தேன், என்று அவள் பல்லைக் கடித்தாள். கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது. இந்த ஒரு மனிதரின் பாராட்டைத்தான், ஒரு ராத்திரியாவது, அவள் அளந்து பார்க்காமல் நம்பியிருந்தாள்.

விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று, நிரப்பாத தாளோடு ஆசிரியர் அறைக்குப் போனாள். ஜெயசீலன் தனியாக இருந்தார். எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க சார், நாலாம் வருசத்துக்கு எத்தன பேரு எழுதிக் குடுத்திருக்காங்க?"

"ஒம்பது பேர்."

"நான் குடுத்தா?"

"பத்து."

மழுப்புவார் என்று நினைத்திருந்தாள். அவர் மழுப்பாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

"அதுக்குத்தான் என்னையப் படிக்கச் சொன்னீங்களா?"

அதற்குள் கேண்டீன்காரர் இரண்டு டம்ளர் டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஜெயசீலன் ஒன்றை எடுத்து, ஊதி, நிதானமாகக் குடித்தார்.

தெய்வானை திகைத்துப்போனாள். "நீங்க டீ குடிப்பீங்களா சார்?"

"தினமும் குடிப்பேன்க்கா. சர்க்கரை தூக்கலா."

"யாரு வாங்கித் தர்றாங்க?"

"காலேஜ்தான்."

அவள் டம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வயிற்றுப்புண் இல்லை என்பது புரிந்தது. மற்றதும் புரிந்தது.

"அப்ப இந்தக் காலேஜ்லயே மேல படிங்கன்னு நீங்க சொன்னது..."

"சொல்லியிருக்கக் கூடாது. நீங்க கேட்டதும் ஆசையில சொல்லிட்டேன். தள்ளிவெச்சிடுங்க."

"நல்லா வரும்னீங்களே, அது பொய்யிங்களா?"

"பொய்யில்ல. ஆனா என் வாயால வந்தா அது செல்லாது."

அவள் தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரிங்க. நான் கம்பெனி மேனேஜரையே போயிக் கேட்டுக்கறேன். இந்தப் படிப்பு போதுமா, மேலயும் படிக்கோணுமான்னு அவருக்குத் தெரியாதுங்களா?"

"கேளுங்க. வேலைக்கு வரச் சொன்னாங்களே, அன்னிக்கு அங்க என்ன குடுத்தாங்க?"

தெய்வானைக்கு அந்த நாள் நினைவு வந்தது. இஞ்சி டீ. பீங்கான் கோப்பையில். கூடவே முந்திரி பிஸ்கட். அந்த மேனேஜர் அவசர அவசரமாக ஆள் எடுப்பது எதற்கு என்று அவள் யோசிக்கவே இல்லை. அன்றைக்கு அவளுக்கு அவர் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது.

மெதுவாக உட்கார்ந்தாள்.

"வீட்டுக்காரர் வேலைக்குப் போங்கறாரு. பொண்ணு படி படிங்கறா."

"அவங்க ரெண்டு பேருக்கும் டீ போடறது யாரு?"

"நாந்தான்."

"ம்."

வெளியே அலுவலக ஊழியர் வகுப்பு வகுப்பாகக் கதவைச் சாத்திக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அலுவலகத்தையும் பூட்டிவிடுவார்கள்.

"அப்ப நான் யாரத்தானுங்க கேக்கறது?" குரல் உடைந்துவிட்டது. "யாரு சொல்றதையும் நம்ப முடியாதுன்னா, எனக்குன்னு சொல்றதுக்கு யாருதான் இருக்காங்க?"

ஜெயசீலன் இரண்டாவது டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்கக்கா. இந்தக் கணக்கப் பாத்துச் சொல்ல வெளியாள் கிடையாது."

மூன்று வருடத்தில் அந்தக் கல்லூரியில் அவள் யார் கொடுத்தும் ஒன்றும் குடித்ததில்லை. இப்போது குடித்தாள். முகர்ந்து பார்க்கவில்லை. ஆறிப்போயிருந்தது, சர்க்கரை அதிகம். பாதி வரை குடித்துவிட்டு, தாளை விரித்து, தொடர்வது, இறங்கிக்கொள்வது என்ற இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பேனா குடுங்க சார்."

ஜெயசீலன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இருக்குது. ஆனா இது காலேஜ் குடுத்த பேனா. உங்க பையில ஒண்ணு இருக்குமேக்கா?"