காவியைக் கண்டால் பாயும் நாய்

மடத்து வாசலில் காவடிகள் கிளம்பத் தயாராக நின்றன. பழநிக்குப் பாதயாத்திரை. போன வருஷம் வரை முதல் காவடி சீடன் பொன்னரசுவின் தோளில்தான். இப்போது நாலு படி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்குகிறது.

ஆற்றாமை தாங்காமல் குரு சடையப்ப சாமியின் முன் போய் நின்றான்.

"நானும் வர்றேன் சாமி."

"இன்னிக்கு ஊசி போடணுமே?"

"மூணு வாரத்துக்கொரு ஊசி, அதுவும் இன்னும் வருஷக்கணக்கா போடணுமாம்! முதல்ல தொண்டை வலிச்சுது, காய்ச்சல் அடிச்சுது. கஷாயம் குடிச்சேன், விட்டுடுச்சு. அதோட தொலையாம முட்டியெல்லாம் வீங்கி, இருதயத்தையும் பிடிச்சுக்கிச்சு. கிருமி இப்ப இல்லே, மறுபடி வராம இருக்கத்தான் ஊசின்னு டாக்டரம்மாவே சொல்றாங்க. இல்லாத கிருமி என் இருதயத்தை எப்படி சாமி கெடுத்துது?"

"கருப்பனை அவிழ்த்து விடு."

கருப்பன் மடத்து நாய். ஆடி மாசம் காவி கட்டிக்கொண்டு வந்த ஒரு கள்ளன் உண்டியலில் கை வைத்தான். கருப்பன் அவனைக் கடித்து ஊர் எல்லைவரை துரத்தியது. அன்றிலிருந்து காவியைக் கண்டாலே அதற்கு ஆகாது. மடத்தில் காவி கட்டுபவர் குரு ஒருவர்தான்.

"ஐயோ, வேண்டாம் சாமி!"

"அவிழ்டா."

அவிழ்த்ததுதான் தாமதம், கருப்பன் குருவின் மேல் பாய்ந்தது. வேட்டி டர்ரென்று கிழிந்தது. பொன்னரசு மூச்சிரைக்க நாயை இழுத்துக் கட்டினான்.

"நன்றி கெட்ட நாயே! குட்டியிலேருந்து இவர் கையால சோறு தின்னுட்டு..."

"திட்டாதே. அது காவல்தான் காக்குது. கள்ளனும் என்னை மாதிரிதானே கட்டியிருந்தான்."

பொன்னரசுவின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

வெளியே அரோகரா எழுந்தது. காவடிகள் ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கின. அவன் கண் கலங்கிவிட்டது.

"மனசு கிடந்து அடிச்சுக்குது சாமி. அடுத்த வருஷமாவது வருவேனா?"

குரு வாசலைத் தாண்டினார். கருப்பன் அவரைப் பார்த்து இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தார்.

"ஊசிக்குப் போறப்போ கதவைச் சாத்திட்டுப் போப்பா. கள்ளன் மறுபடி உள்ளே வராம இருந்தா, இவன் என்னிக்காவது என்னை அடையாளம் கண்டுக்குவான்."