ஆவுடையப்பன் கட்டிய நாடு

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கையோடு ஆவுடையப்பன் நாவல் எழுத உட்கார்ந்துவிட்டார். ஆசைக்கு வயது உண்டா? அறுபதுக்கு மேல் அவருக்கு ஒரு குருவும் வாய்த்தார். கதைகள் எழுதிப் பேர் வாங்கிய செண்பகவல்லி டீச்சர், அவரைவிட வயதில் மிகவும் இளையவர். சீடருக்குக் குரு டீச்சர்; குருவுக்குச் சீடர் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் இப்படியும் ஒரு குருகுலம் நடந்தது.

நாவல், வரப்போகும் ஒரு கொடுங்காலத்தைப் பற்றியது. அந்த நாட்டில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சவுக்கு. படிப்பவர்கள் கண்கலங்க வேண்டுமென்று ஒவ்வொரு சவுக்கடியையும் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். அச்சகத்தில் சொல்லியாயிற்று. ஆனால் டீச்சர் சரி என்று சொல்லாமல் அச்சேற்ற அவருக்கு மனமில்லை.

டீச்சர் கருத்தைக் கேட்க அவர் போன அன்று, அந்த வீட்டில் மகளின் வளைகாப்புக்குப் பலகாரம் தயாராகிக்கொண்டிருந்தது. அடுப்படியில் டீச்சரின் நாத்தனாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் முறுக்குச் சுட்டார்கள். அவர்கள் சிரிப்பு தெருவரை கேட்டது.

"படிச்சிட்டீங்களா டீச்சர்?"

"படிச்சேன். வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள போய் ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி."

அவர் அடுப்படி நிலைப்படியைத் தாண்டியதும் பேச்சு நின்றது. ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். ஒருத்தி எண்ணெய்ச் சட்டியையே பார்த்தாள். யாரோ செம்பை நீட்டினார்கள். வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தார். கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் உள்ளே பழையபடி சிரிப்பு, முன்னைவிடப் பலமாக. அவருக்குச் சுருக்கென்றது.

"என்ன பேசிக்கிட்டு இருந்தாங்க?" என்றார் டீச்சர்.

"தெரியலையே. என்னைக் கண்டதும் நிறுத்திட்டாங்க."

டீச்சர் கைப்பிரதியைப் புரட்டினார்.

"இதுல அரண்மனை அடுப்படி ஒண்ணு வருதுல்லா?"

"ஆமா டீச்சர். ராஜாவுக்குப் பிறந்தநாள் விருந்து. பிடிச்சிட்டு வந்த பொம்பளைங்கதான் சமைக்கிறாங்க. நான் ரொம்ப உழைச்ச அத்தியாயம்."

"உள்ள காவலாளி உண்டா?"

"கிடையாது. அடுப்படியில ஆம்பளை கால் படக்கூடாதுன்னு ராஜா உத்தரவு."

"ஒட்டுக்கேக்கிற மிஷினு?"

"அந்த நாட்டுல கரண்டே கிடையாது."

வாரியத்துக்காரர் முதல் வேலையாகக் கரண்டைத்தான் பிடுங்கியிருந்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"கதவு?"

"சாத்தியிருக்கு. உள்ள பேசினா வெளிய ஒருத்தருக்கும் கேக்காது."

"அப்போ நாள் பூரா ஒருத்தியும் ஏன் வாயைத் திறக்கலை? உப்பு போதுமான்னுகூட யாரும் கேக்கலையே."

"பயம் டீச்சர். பாவம், அவ்வளவு கொடுமை பட்டவங்க."

"யாருக்குப் பயந்து?"

"ராஜாவுக்குத்தான்."

டீச்சர் கைப்பிரதியை மூடி அவர் கையில் கொடுத்தார். அடுப்படியில் யாரோ என்னவோ சொல்ல, மறுபடியும் ஒரே சிரிப்பு. ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ராஜாகூட அடுப்படிக்குள்ள வரலை அண்ணாச்சி," என்றார் டீச்சர். "நீங்கதான் வந்து நின்னுட்டீங்க."